கடைக்கும் வேண்டும் ஓராண்டு அட்டவணை

தொழில் செய்யும் அன்பர்களுக்குப் பயன்படும்படி ஒரு பாடம் எழுதித் தாருங்கள் என்று இதழ்க் குழுவினர் கேட்டார்கள். நான் வியாபாரம் செய்தவன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஓராண்டு வேலையை ஒரே தாளில் எழுதி, அந்தத் தாள் சொன்னபடி நடந்து பழகியவன். அந்தப் பழக்கம் கடைக்காரருக்கு எப்படி உதவும் என்பதே இந்தப் பாடம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிறு தொழில் செய்பவர்கள் பலர். சாலைக் கடைத்தெருவில் பாத்திரம், ஜவுளி, மளிகை என்று இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. கரமனையிலும் வலியசாலையிலும் வீட்டிலேயே அப்பளம், வடாம், முறுக்கு செய்து விற்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருமே இப்போது எதையாவது எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, கடையின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு என்று ஏதோ ஒன்று. ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவசரமாக "மாபெரும் தள்ளுபடி" என்று ஒன்று போகும். பிறகு தீபாவளி வரை மௌனம். வாடிக்கையாளர் அந்த இடைவெளியில் நம்மை மறந்து விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒரு கேள்வி. கடைக்காரர் ஏன் எழுத வேண்டும்? பொருளை வைத்திருந்தால் வாங்குபவர் வரமாட்டாரா? இதற்கு நம் கேரளத்திலேயே நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. பி.எஸ். வாரியர் 1902-இல் கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலையை நிறுவினார். அக்காலத்தில் வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுப்பார். மருந்துச் சரக்குகளை வாங்கி வீட்டில் இடித்துக் காய்ச்சிக் கொள்வது நோயாளி வீட்டாரின் பாடு. வாரியர் மருந்தைத் தயார் நிலையில் செய்து விற்க முற்பட்டார். வீட்டில் காய்ச்சாத மருந்தை யார் நம்புவார்கள்? அடுத்த ஆண்டே, 1903-இல், 'தன்வந்தரி' என்ற மலையாள வைத்திய இதழைத் தொடங்கினார். அதில் ஆயுர்வேதம் பற்றிய கட்டுரைகள் வந்தன. மருந்து விற்பனைக்கு முன்னால் மருந்தைப் பற்றிய அறிவு போய்ச் சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இதழ் நடந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு முறை எழுதுவது எளிது. தவணை தவறாமல் எழுதுவதுதான் வேலை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமானால் பிரான்சு நாட்டு மிஷ்லென் டயர் கம்பெனி. அந்நாட்டில் மூவாயிரம் மோட்டார் வண்டி கூட இல்லாத 1900-ஆம் ஆண்டில், எங்கே தங்கலாம், எங்கே வண்டியைப் பழுது பார்க்கலாம் என்று சொல்லும் கையேட்டை 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. ஊர் சுற்றினால் டயர் தேயும் என்பது கணக்கு. நம் நாட்டில் 1966-இல் பிறந்த அமுல் வெண்ணெய்ச் சிறுமியை அறியாதவர் இல்லை. அந்தப் பலகையில் வெண்ணெயைப் பற்றி இருப்பதை விட அந்த வாரச் செய்தியைப் பற்றி இருப்பதே அதிகம். இந்த மூன்றிலும் வாசகர் என்ன நினைத்துக் கொண்டிருக்கிறாரோ அங்கிருந்து எழுத்து தொடங்குகிறது.

இனி ரயில்வேக்கு வருகிறேன். தண்டவாளப் பராமரிப்புக்கு ஆண்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. மழைக்கு முன் வடிகால்களைத் தூர் வார வேண்டும், கரைகளைச் சீர் செய்ய வேண்டும். மழையின்போது இரவு ரோந்து. மழை ஓய்ந்தபின் தளர்ந்த இடங்களைக் கவனித்து, ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஜல்லியை வரிசையாகக் கெட்டித்துக் கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கேங்குக்கும் ஒரு சார்ட் ஆபீசில் இருக்கும். மேஸ்திரி கையில் ஒரு டைரி இருக்கும். இன்று என்ன வேலை என்று காலையில் எழுந்து யாரும் யோசிப்பதில்லை. மழை வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதும் இல்லை.

இங்கிருந்து மும்பை போகும் நேத்ராவதி எக்ஸ்பிரஸில் பயணம் செய்தவர்களுக்குக் கொங்கண் ரயில்வேயின் மழைக்கால அட்டவணை தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை வேகத்தைக் குறைத்து வேறு நேரங்களில் வண்டிகளை ஓட்டினார்கள். 2025-இல் அதை ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கினார்கள். எந்த நாளில் மழை கொட்டும் என்று சொல்ல முடியாது; எந்தப் பருவத்தில் கொட்டும் என்று சொல்லலாம். அட்டவணைக்கு அது போதும். ஓணமும் தீபாவளியும் மழையை விட நிச்சயமானவை. அப்படியிருக்க, அவை ஒவ்வோர் ஆண்டும் திடீரென்று வந்துவிட்டது போல நம் கடைகள் திகைப்பது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

நமக்கு இரண்டு பஞ்சாங்கம்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் கடைக்காரருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு, ஒரு தனி லாபமும் உண்டு. இரண்டு காலண்டர்களில் அவர் வாழ்கிறார். கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டின் மாதங்களும் நம் தமிழ் மாதங்களும் சூரியனைக் கொண்டு கணக்கிடுபவைதாம். சிங்ஙம் நமக்கு ஆவணி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, கும்பம் மாசி, மேடம் சித்திரை, கர்க்கடகம் ஆடி. மாதப்பிறப்பு சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகும். 2023-இல் நமக்குச் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. இங்கே விஷு ஏப்ரல் 15. வாழ்த்து அனுப்புபவர் இதைப் பார்க்காமல் அனுப்பினால் பாதி வாடிக்கையாளருக்கு ஒரு நாள் தவறிப் போகும்.

நட்சத்திரத்தை ஒட்டி வரும் விழாக்கள் இன்னும் நகரும். திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5. ஆற்றுகால் பொங்காலை 2024-இல் பிப்ரவரி 25, 2025-இல் மார்ச் 13. ஆகவே போன வருடத் தேதியைப் பார்த்து இந்த வருடத் திட்டத்தைப் போடக் கூடாது. புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்த அன்றே தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒன்றாக இருந்தாலும் மனநிலை வேறு. தமிழ்நாட்டில் ஆடி என்றால் தள்ளுபடி. இங்கே கர்க்கடகம் என்றால் இராமாயணம் வாசிக்கும் மாதம், மருந்துக் கஞ்சி குடிக்கும் மாதம், அமாவாசையன்று பிதுர்களுக்குப் பலியிடும் மாதம். பெருமழையும் பஞ்சமும் சேர்ந்து வந்த பழைய நினைவும் அதில் இருக்கிறது. அம்மாதத்தில் "ஆடி அதிரடி" என்று மலையாளத்தில் நோட்டீஸ் அடிப்பது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. தமிழ் வீடுகளுக்கு அனுப்பிக் கொள்ளலாம்.

ஒரு பாத்திரக் கடையின் பன்னிரண்டு மாதம்

சாலையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கிய கடை. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் ஏற்பட்ட அந்தத் தெருவில் தமிழ் வணிகர்களுக்கு என்றும் இடம் இருந்தது. ஆனால் பைபாஸ் ஓரத்தில் 2021 டிசம்பரில் லுலு மால் திறந்ததும், வீட்டிலிருந்தே ஆர்டர் செய்யும் வசதி பெருகியதும், நண்பரின் கல்லாவில் தெரிகிறது. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மகன் கடையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான். கடைசியில் அப்பாவும் மகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஓராண்டு முறையாக எழுதிப் பார்ப்பது. பிறகு முடிவு செய்வது. அந்த ஓராண்டுக்குச் சார்ட் போட என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே நான் சொல்வது அந்தச் சார்ட்தான்.

ஆவணியில் தொடங்கினோம். மலையாள ஆண்டும் அதில்தான் பிறக்கிறது, வியாபாரமும் அதில்தான் உச்சம். ஒவ்வொரு மாதத்துக்கும் முதலில் எழுதியது என்ன விற்கலாம் என்பதை அல்ல. அந்த மாதத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் என்ன கேள்வி எழும் என்பதை எழுதினோம். இதற்கு நண்பரின் மனைவியார்தான் ஆசிரியர். நாங்கள் இருவரும் எழுதிய பட்டியலை அவர் பாதிக்கு மேல் அடித்துவிட்டார்.

ஆவணிக்கு, பாயசம் அடிப்பிடிக்காமல் இருக்க எந்த உருளி, எத்தனை பேருக்கு எந்த அளவு. ஐப்பசிக்கு, முறுக்கு நாழியும் அச்சும். கார்த்திகைக்கு, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்குவது. தைக்குப் பொங்கல் பானை. சித்திரைக்கு விஷுக்கணி உருளி. பள்ளிக்கூடம் இங்கே ஜூனில் திறப்பதால் வைகாசியில் டிபன் டப்பா. ஆனியில் இடைவிடாத மழை. இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைப்பது எப்படி என்று ஒன்று. மாசிக்கு வேறு யோசனையே தேவையில்லை. 2009-இல் சுமார் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய பொங்காலை ஆயிற்றே! புது மண்பானையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய நீரைக் கொதிக்க வைத்துப் பழக்குவதை அம்மையார் சொல்லச் சொல்ல மகன் எழுதிக் கொண்டான்.

இன்னொரு குறிப்பு எனக்கே புதிதாக இருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க வேண்டுமானால் உள்ளே ஈயப்பூச்சு இருக்க வேண்டும். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். வெண்கலத்துக்கு அது தேவையில்லை. வாங்க வருபவர்களில் பலருக்குப் பித்தளை எது, வெண்கலம் எது என்றே தெரியவில்லையாம். இதை எழுதும் கடையில்தான் மக்கள் நம்பி வாங்குவார்கள். மாலில் நிற்கும் பையன் இதைச் சொல்ல மாட்டான்.

ஆடி மாதத்தில் விற்பனை மந்தம். ஆனால் எழுத்துக்கு அதுதான் விதைப்புக் காலம். ஆடியிலும் கர்க்கடகத்திலும் கல்யாணம் இல்லை. ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். சீர்ப் பாத்திரப் பட்டியலைப் பெண் வீட்டார் ஆடியில்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். "சீர்வரிசைக்கு அவசியமானவை, அவசியமில்லாதவை" என்ற குறிப்பு ஆடி முதல் வாரத்தில் போக வேண்டும். அவசியமில்லாதவை என்ற பகுதியைச் சேர்க்க நண்பர் தயங்கினார். அதுதான் படிக்கப்படும் பகுதி என்று மகன் சொன்னான். நானும் அவன் கட்சி.

பின்னாலிருந்து எண்ணுவது

விழா நாளை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 2025 பொங்காலையை வைத்துப் பார்ப்போம். மார்ச் 13, வியாழன். வெளியூரிலிருந்து வருபவர்கள் முன்கூட்டியே விசாரிப்பார்கள் என்பதால் மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 20 வியாழனன்று, குறிப்பு வெளிவர வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு, பிப்ரவரி 16, தமிழையும் மலையாளத்தையும் சரிபார்க்கும் நாள். படங்கள் 13-ஆம் தேதிக்குள். எழுதும் நாள் 9-ஆம் தேதி ஞாயிறு. ஆக, மார்ச் விழாவுக்கு வேலை தொடங்குவது பிப்ரவரி முதல் பாதியில். பானை எத்தனை வேண்டும் என்று குயவரிடம் சொல்வது அதற்கும் முன்னால். எழுதியதைப் படித்து வருபவருக்குப் பானை இல்லை என்று சொன்னால் எழுதாமலே இருந்திருக்கலாம்.

வாங்குபவர் முடிவெடுக்கும் நாள் வேறு, விழா நாள் வேறு என்பதற்கு ரயிலிலிருந்தே ஓர் உதாரணம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஜனவரி 14 அன்று பயணம் என்றால் நவம்பர் 15-இல் டிக்கெட் திறக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோமா இல்லையா என்று நம் குடும்பங்கள் தீர்மானிப்பது அந்த வாரத்தில்தான். ஊருக்கு எடுத்துச் செல்லும் பலகாரம் செய்து விற்பவர் தம் முதல் குறிப்பை அப்போதே அனுப்பலாம். ஜனவரி 10-இல் அனுப்பினால் பெட்டி கட்டி முடிந்திருக்கும்.

மாதம் எத்தனை எழுதுவது? இரண்டு போதும் என்பது என் கருத்து. ஆண்டுக்கு 24. வாரம் மூன்று என்று ஆரம்பிப்பவர்கள் ஐந்தாவது வாரம் காணாமல் போய்விடுகிறார்கள். அந்த 24-இலும் நேரடியாக "வாருங்கள், வாங்குங்கள்" என்பது ஏழெட்டுக்கு மேல் போக வேண்டாம்.

மழைக்கு முன்னால் ஜல்லியும் பாறாங்கல்லும் மணல் மூட்டையும் சேமித்துத் தயாராக வைப்பது ரயில்வே வழக்கம். கரை அரித்தபின் கல்லுக்கு அலையக் கூடாது. அதுபோல எந்த மாதத்துக்கும் பொருந்தும் நான்கு குறிப்புகளை எழுதிக் கையிருப்பில் வைக்க வேண்டும். காய்ச்சல் வரும், உறவினர் வருவார்கள், மகனுக்கு ஆபீசில் வேலை நெருக்கும். அன்று கையிருப்பிலிருந்து ஒன்று போகும். ஓட்டும் நேரத்தில் கொஞ்சம் உபரியைச் சேர்த்துத்தான் வண்டிகளுக்கே அட்டவணை போடுகிறார்கள்.

நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது அரசின் ஓணக் கொண்டாட்டங்கள் ரத்தாயின. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டு அந்த ஆண்டும் அரசின் ஓணவாரம் நடக்கவில்லை. ஊரே துக்கத்தில் இருக்கும்போது, முன்பே ஏற்பாடு செய்து வைத்த "கொண்டாடுங்கள்" என்ற செய்தி தானாகப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கடையின் பெயரை மக்கள் மறக்க மாட்டார்கள். நண்பர் கடையில் இந்தச் சிவப்புக் கொடி அம்மையார் கையில். அவர் சொன்னால் அன்று எதுவும் போகாது. காரணம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. நிறுத்துவது மட்டுமின்றி மாற்றவும் தெரிய வேண்டும். கோவிட் காரணமாக 2021-இலும் 2022-இலும் பெண்கள் அவரவர் வீட்டிலேயே பொங்காலை இட்டார்கள். தெருவோர அடுப்புக்கு எழுதிய குறிப்பு முற்றத்து அடுப்புக்கு மாற வேண்டியிருந்திருக்கும்.

எந்த மொழியில்?

மலையாளத்தில் தனியாக, தமிழில் தனியாக எழுத வேண்டும். ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் இரண்டும் கெடும். பேரன் ஒருவன் தமிழ்க் குறிப்பில் "வெள்ளம் ஊற்றிக் கொதிக்க விடவும்" என்று எழுதினானாம். இங்குள்ள நமக்குப் புரியும். நாகர்கோவிலுக்கு அப்பால் உள்ளவர் ஊரே மூழ்கிவிட்டதாக நினைப்பார். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தமிழ் எழுத்தே படிக்காத பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்? இந்த அட்டவணையில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பாட்டி சொல்வதைப் பேரப்பிள்ளை தமிழில் எழுதட்டும், தாத்தா திருத்தட்டும். மாதம் ஒரு பக்கம். எழுத்துக் கூட்டிப் பழக, கடைச் சரக்கின் பெயர்களை விட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

சார்ட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தாளில் மேலே பன்னிரண்டு மாதங்கள், தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் ஆங்கிலத் தேதியும். பக்கவாட்டில் விசேஷம், வீட்டாரின் கேள்வி, எழுதும் பொருள், எழுதுபவர், சரிபார்ப்பவர், வெளிவரும் நாள். கடைசி வரிசைக்கு "பலன்" என்று பெயர். அதை மட்டும் முன்கூட்டி நிரப்ப முடியாது. குறிப்பு போனபின் எத்தனை பேர் கேட்டு வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று அன்றன்று பென்சிலால் எழுத வேண்டும். மேஸ்திரியின் டைரி போலத்தான். அடுத்த ஆண்டு சார்ட் போடும்போது மற்ற எல்லா வரிசைகளையும் விட இந்த வரிசையைத்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கும். நண்பரின் மகனும் முடிவெடுக்க அதைத்தான் கேட்கப் போகிறான். இதுவரை ஈயப்பூச்சுக் குறிப்புக்குத்தான் அதிகம் பேர் வந்திருக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் எதுவும் வாங்கவில்லை. பழைய பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார்கள். அதையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தாளைக் கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். அலமாரிக்குள் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். கட்டம் போட்ட வெற்றுத் தாள் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் நகல் எடுத்துக் கொள்ளலாம். தேதிகளை நிரப்பும்போது பஞ்சாங்கமும் மலையாளக் காலண்டரும் இரண்டுமே பக்கத்தில் இருக்கட்டும்.